நகுராக் கல்லைத் தயார் செய்து, சேறு எழுப்பித் தீட்டுவது எப்படி? திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

சில ஜப்பானியத் தீட்டுக்கற்களோடு ஒரு சிறு கட்டிக் கல்லும் சேர்ந்து வரும். அதைப் பெரிய கல்லின் மேல் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால்போலச் சேறு கிளம்பும். அந்தச் சிறு கல்தான் நகுரா. சேறு கத்திக்கும் கல்லுக்கும் நடுவில் நின்று அறுக்கும். கீறல்களை ஒரே மாதிரி ஆக்கும், கல்லின் கண்களை அடைத்த இரும்புத் தூளைத் தூக்கிவிடும். சரியாகச் செய்தால் கத்தியின் வாய் மெல்லிய பனி படர்ந்ததுபோல் ஒரே நிறத்தில் வரும். பிழையாகச் செய்தால் 1000 கல்லில் (இது மணலின் இலக்கம்; இலக்கம் கூடக் கூட மணல் நைசு) கூராக வந்த கத்திகூட மழுங்கிப்போகும். புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டாவது இடத்தில்தான் மாட்டிக்கொண்டு, கல் சரியில்லை என்று இன்னொரு கல்லுக்குக் காசு அனுப்புகிறார்கள். அனேகமாகக் கல்லில் குறையே இருக்காது. தண்ணீரின் அளவிலும், சேற்றை நிறுத்த வேண்டிய நேரத்திலும்தான் பிழை இருக்கும்.

1. முதலில் கத்தியைப் பாருங்கள்

நகுரா மெருகிடும் வேலைக்கானது. மழுங்கிய கத்தியை அதனால் மீட்க முடியாது. 1000 கல்லில் தீட்டி, வாயின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பிசிறு (தீட்டும்போது மறுபக்கம் மடங்கி எழும் மெல்லிய உருக்கு விளிம்பு) எழுப்ப உங்களால் முடிகிறதா? முடியாவிட்டால் அதை முதலில் பழகுங்கள். அதுவரை நகுராவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

சந்தையில் வாங்கும் மெல்லிய, மென்மையான துருப்பிடிக்காத உருக்குக் கத்திக்கு 1000, மிஞ்சினால் 3000 கல் போதும். அதற்கு மேல் ஏற்றும் மெருகு இரண்டு நாள் மீன் வெட்டினால் போய்விடும். லொறி வில்லுத் தகட்டில் கொல்லன் பட்டறையில் அடித்த கத்தி, தச்சரின் உளி, சீவுளி அலகு, மடக்கும் சவரக்கத்தி, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் சமையலறைகளில் மீனை மெல்லிசாகச் சீவப் பயன்படும் ஒருபக்கச் சரிவுக் கத்தி ஆகியவற்றுக்கு நகுரா உண்மையாகவே உதவும். இவற்றில் ஒன்று உங்களிடம் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

2. எந்த நகுரா?

நகுரா என்ற பெயரில் நான்கு விதமான பொருள்கள் விற்கப்படுகின்றன. பெயரை மட்டும் பார்த்து வாங்குவதுதான் முதல் பொறி.

செயற்கை நகுரா. கிங் போன்ற நிறுவனங்களின் 6000, 8000 கற்களோடு சேர்ந்து வருவது. செயற்கைக் கல்லின் முகத்தைக் கழுவி எடுப்பதும் கொஞ்சம் சேறு எழுப்புவதும் இதன் வேலை. உங்களிடம் செயற்கைக் கல் மட்டுமே இருந்தால் இது போதும். இயற்கைக் கல்லின் மேல் இதை வைக்காதீர்கள்.

சுஷிமா நகுரா. சுஷிமாத் தீவிலிருந்து வரும் கரும் சாம்பல் நிறக் கல். செயற்கைக் கல்லிலும் நன்றாக வேலை செய்யும். சமையல் கத்தி மட்டும் தீட்டுபவருக்கு நல்ல தொடக்கம்.

மிகாவா வெள்ளை நகுரா. அய்ச்சி மாகாணத்தின் மிகாவா மலைப் பகுதியில் எடுத்த, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான கல். கல் எடுத்த ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பெயர் உண்டு. கரடிலிருந்து நைசுக்குப் போனால் போத்தான், தென்ஜோ, மெஜிரோ, கொமா என்ற வரிசை. நல்ல கற்களின் ஒரு முகத்தில் முத்திரை குத்தியிருக்கும். நான்கையும் வாங்கும் ஆசையை அடக்குங்கள். நான்கும் வரிசையாகத் தேவைப்படுவது சவரக்கத்திக்குத்தான். கத்திக்கும் உளிக்கும் ஒன்று போதும். அந்த ஒன்று தென்ஜோவாக இருக்கட்டும்.

தோமோ நகுரா. மெருகுக் கல் எந்த வகையோ அதே வகைக் கல்லின் துண்டு. கியோத்தோப் பக்கத்து இயற்கை மெருகுக் கல் வைத்திருப்பவருக்குக் கடைசிப் படி இதுதான்.

எதை எடுத்தாலும் விதி ஒன்றுதான். நகுரா பெரிய கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும், கடைசிப் படியில் அதன் மணல் பெரிய கல்லின் மணலைவிடக் கரடாக இருக்கக் கூடாது. நகுரா கடினமாக இருந்தால் பெரிய கல்தான் தேய்ந்து சேறு கொடுக்கும், நடுவில் குழி விழும். இதைச் சோதிக்க இரண்டின் முகத்திலும் பென்சிலால் நெருக்கமாகக் கோடு போடுங்கள். பெரிய கல்லில் நகுராவின் அளவேயுள்ள ஒரு மூலையில் மட்டும், துளித் தண்ணீர் விட்டு, பத்துத் தடவை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். எதில் கோடு முதலில் அழிகிறதோ அதுதான் மென்மையான கல்.

நகுராவுக்குப் பதிலாக வைரத் தகட்டாலும் சேறு எழுப்பலாம். அட்டோமா 400, 1200 என்று வருபவை இதற்குப் பழகியவை. அப்போது சேறு முழுவதும் பெரிய கல்லிலிருந்தே வரும். மிகக் கடினமான இயற்கைக் கல்லுக்கு இதுவே சுலபம். புதுத் தகட்டை நேரே நல்ல கல்லில் வைக்காதீர்கள். தளர்ந்த வைரத் துகள் கழன்று கல்லில் ஆழக் கீறும். ஒரு மலிவான கல்லில் சில தடவை தேய்த்து, கழுவிப் பழக்கிய பின் எடுங்கள்.

3. வாங்கும்போது: கேள்விகள், கடதாசிகள், கணக்கு

வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். காசு கட்டும் முன் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: ஆறு முகங்களின் படம், ஒரு தடவை காய்ந்தபடியும் ஒரு தடவை நனைத்தபடியும்; நீளம், அகலம், தடிப்பு; எடை; எந்த அடுக்கு; கோடுகள் இருந்தால் அவை நகத்தில் தட்டுப்படுகின்றனவா. நனைத்த படம் முக்கியம். காய்ந்த கல்லில் ஒளிந்திருக்கும் வெடிப்பு நனைந்ததும் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தப் படத்தை அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

எடையைக் கேட்பது தபால் செலவுக்காக. 205 × 75 × 25 மி.மீ. கல் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். 5 × 3 × 3 செ.மீ. நகுரா 100 கிராம் அளவுதான். அதனால் முதல் பார்சலில் நகுராவை மட்டும் வரவழையுங்கள். ஊரில் கிடைத்த கல்லிலோ ஏற்கெனவே இருக்கும் செயற்கைக் கல்லிலோ கை பழகட்டும். பெரிய இயற்கைக் கல் பிறகு வரலாம்.

பார்சலில் ஒட்டும் சுங்கப் படிவத்தில் பொருளின் பெயரும் சுங்க வகைப்பாட்டு (HS) இலக்கமும் தெளிவாக இருக்க வேண்டும். கையால் தீட்டும், மெருகிடும் கற்களுக்கான இலக்கம் 6804.30. இதை எழுதச் சொல்லி விற்பவருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். வெறுமனே ‘கல்’ என்று எழுதினால் அது என்ன கல் என்ற கேள்வி எழும், பார்சல் திறக்கப்படும், நாள் போகும். கத்தியையும் கல்லையும் ஒரே பார்சலில் போடச் சொல்லாதீர்கள். ‘அன்பளிப்பு’ என்று போடச் சொல்வதும் விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் இன்னும் மோசம். அது பொய் அறிவித்தல். பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: விலைச்சிட்டையின் இரண்டு பிரதி, காசு கட்டியதற்கான அத்தாட்சி, தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், பார்சலின் தொடர் இலக்கம், தபாலில் வரும் அறிவித்தல் துண்டு. அறிவித்தலில் எந்த அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறது என்று வாசித்த பிறகே புறப்படுங்கள். கொழும்பு என்றிருந்தால், அங்கிருக்கும் உறவினரை அனுப்பலாமா, எப்படிப்பட்ட கடிதம் தேவை என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு கல்லுக்காக இரவு பஸ் ஏறி, ஒரு கையெழுத்துக் குறைந்ததால் வெறுங்கையோடு திரும்புவது வீண் செலவு.

வரிக் கணக்கில் எல்லோரும் விடும் பிழை, கல்லின் விலைக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது. விலை, தபால் செலவு, காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகையில்தான் மதிப்பிடுகிறார்கள். கல் 4,000 யென், தபால் 2,500 யென் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 6,500 யென்னிலிருந்து தொடங்கும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அது மட்டுமே 1,170 யென்னுக்குக் குறையாது. பொருளுக்குரிய மற்றத் தீர்வைகள் சேரச் சேர இதுவும் கூடும். ஆகவே கல்லின் விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேலேயே ஒதுக்கி வைத்துவிட்டு ஓடர் செய்யுங்கள். கப்பல் தபால் மலிவு, ஆனால் மாதக் கணக்காகும். 100 கிராம் நகுராவுக்கு விமானத் தபாலே கட்டுப்படியாகும்.

4. ஊரிலேயே வாங்க வேண்டியவை

பார்சல் வரும்வரை இவற்றைச் சேர்த்துவிடலாம்.

- கண்ணாடிக் கடையில் 8 மி.மீ. தடிப்பில் 30 செ.மீ. சதுரத் துண்டு, ஓரம் தேய்த்து வாங்கவும். மெல்லிய யன்னல் கண்ணாடி வளையும், வேண்டாம்.
- ஹாட்வெயார் கடையில் தண்ணீரில் தேய்க்கும் அரத்தாள் 220, 400, 800 இலக்கங்களில் இரண்டிரண்டு. ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டால் தருவார்கள்.
- நிறமில்லாத மர வார்னிஷ், ஆகச் சிறிய டின். நகுரா மட்டும் என்றால் நகப்பூச்சுப் போத்தல் ஒன்றே போதும்.
- பாமசியில் ஊசியில்லாத 5 மி.லீ. சிரிஞ்ச். தண்ணீரைத் துளிக் கணக்கில் விட இதைவிட நல்ல கருவி இல்லை.
- பழைய பல் பிறஷ், பருத்திச் சீலைத் துண்டுகள், அப்பச்சோடா.

5. நகுராவைத் தயார் செய்தல்

வந்த அன்றே தேய்க்கத் தொடங்க வேண்டாம். தயார் செய்ய ஐந்தாறு நாள் எடுக்கும், அதில் கை வேலை ஒரு மணித்தியாலம்தான். மிச்சமெல்லாம் காய விடும் நேரம்.

முதலில் பாருங்கள். கல்லைத் தண்ணீரில் ஒரு தடவை தோய்த்து எடுத்து, வெயில் வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமாகத் திருப்புங்கள். ஓரத்தில் புத்தகத் தாள் அடுக்கியதுபோல் அடுக்குத் தெரியும். தீட்டும் முகம் அந்த அடுக்குக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். முத்திரையுள்ள முகத்தை விட்டு அதற்கு எதிர் முகத்தைத் தெரிவு செய்யுங்கள். முத்திரை அழிந்தால் அது எந்த அடுக்கு என்று பின்னர் உங்களுக்கே தெரியாது. நிறக் கோடு எல்லாம் தீங்கல்ல. கோட்டின் குறுக்கே தையல் ஊசியின் முனையை மெதுவாக இழுங்கள். ஊசி தடுக்கினால் அந்தக் கோட்டில் கடின மணல் இருக்கிறது. அது தீட்டும் முகத்தில் வந்தால் கத்தியில் தனிக்கீறல் போடும். ஓரத்தில் இருந்தால் அந்த ஓரத்தையே சரித்துவிடுங்கள். நடுவில் இருந்தால் வேறு முகத்தைப் பாருங்கள்.

அடுத்து ஓரங்களை மழுக்குங்கள். கண்ணாடியை நனைத்து, 220 அரத்தாளை அதன்மேல் ஒட்ட வைத்து, தீட்டும் முகத்தின் நான்கு ஓரத்தையும் 45 பாகையில் 2 முதல் 3 மி.மீ. சரியுங்கள். நான்கு மூலைகளையும் உருட்டிவிடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு ‘கல் கீறுகிறது’ என்கிறார்கள். கூரான ஓரம் உடைந்து ஒரு பெரிய மணியாகச் சேற்றில் விழும். அந்த ஒரு மணி முழு மெருகையும் கெடுக்கப் போதும்.

பிறகு முகத்தை மட்டமாக்குங்கள். பென்சிலால் கட்டம் போட்டு, 400 அரத்தாளில் எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். கட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் அழிந்தால் மட்டம். மிகாவாக் கல் மென்மையானது, அழுத்தாதீர்கள், வீணாகக் கரையும். கடைசியாக 800இல் இருபது தடவை. இப்போது பல் பிறஷால் ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். அரத்தாளின் கறுப்புத் துகள் மென்கல்லில் பதிந்து நிற்கும், அது நகுராவின் மணலைவிடப் பல மடங்கு கரடு.

காய விடுவது நிழலில், மூன்று நாள். வெயிலில் வைக்கவே கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலோரத்திலும் வைக்காதீர்கள். வெளிப்புறம் ஒரே மூச்சில் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் அடுக்கு பிரியும். அந்த நாட்களில் பருத்திச் சீலையில் சுற்றி அலுமாரிக்குள் வையுங்கள். வாடைக் காலத்தில் மூன்று நாளை ஐந்தாக்குங்கள்.

கடைசியாகப் பூச்சு. இதை வேண்டாத வேலை என்று விடாதீர்கள். பக்கங்களால் தண்ணீர் அடுக்குக்குள் ஏறுவதுதான் கல் பிளக்கும் காரணம். ஜப்பானில் உருஷி அரக்கோ முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயில் செய்த பூச்சோ அடிப்பார்கள். நமக்கு வார்னிஷ் போதும். தீட்டும் முகத்தையும் அதன் சரிவையும் விட்டுவிட்டு மற்ற ஐந்து முகத்திலும் மெல்லிய மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள், மாரியில் இரண்டு நாள். தடிப்பாக ஒரே பூச்சு அடித்தால் உரிந்து சேற்றில் விழும். தீட்டும் முகத்தில் தெறித்திருந்தால் 800 தாளில் தேய்த்து எடுங்கள். முத்திரையின் மேல் பூசலாம், அது பாதுகாப்பு. செயற்கை நகுராவுக்கு இந்தப் பூச்சுத் தேவையில்லை.

நல்ல கத்தியில் வைக்கும் முன் ஒரு சோதனை. பெரிய கல்லில் சேறு எழுப்பி, அதில் கொஞ்சம் எடுத்து, பளபளப்பான பழைய கரண்டியின் முதுகில் விரலால் இருபது தடவை தேய்த்துக் கழுவிப் பாருங்கள். சீரான மங்கல் என்றால் நல்லது. தனியாக ஓரிரு ஆழக் கீறல் தெரிந்தால் முகத்தை இன்னும் அரை மி.மீ. இறக்கி மறுபடி சோதியுங்கள்.

6. பெரிய கல்

நகுரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெரிய கல்லில் குழி இருந்தால் பயனில்லை. ஒவ்வொரு தடவையும் தொடங்கும் முன் இரும்பு மட்டக் கோலைக் கல்லின் நீளத்திலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் நகுராவைப் போலவே மட்டமாக்குங்கள்.

1000 போன்ற செயற்கைக் கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வைக்கலாம். 6000, 8000 மெருகுக் கற்களுக்கு மேலே தண்ணீர் தெளித்தால் போதும். இயற்கைக் கல்லை ஒருபோதும் ஊறப்போடாதீர்கள், அதன் பக்கங்களுக்கும் பூச்சு அவசியம்.

7. சேறு எழுப்புதல்

தண்ணீர். கடலுக்குக் கிட்டவுள்ள கிணறுகளில் உவர்ப்பு உண்டு. அந்தத் தண்ணீரில் தீட்டினால், வாயைத் துடைப்பதற்கு முன்பே கரியுருக்கில் செம்மஞ்சள் புள்ளி தெரியும். குழாய்த் தண்ணீரை எடுங்கள். ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கலந்து வைத்தால் துருப்பிடிப்பது மெதுவாகும். ஜப்பானில் வாள் மெருகிடுபவர்களும் துருவுக்குப் பயந்து தண்ணீரில் சோடா கலப்பவர்கள்தான்.

அளவு. 205 × 75 மி.மீ. முகத்துக்குத் தொடக்கத்தில் 1 மி.லீ., அதாவது இருபது துளி. இது மிகக் குறைவு என்று தோன்றும். கை தானாக இன்னும் ஊற்றப் பார்க்கும், ஊற்றாதீர்கள். தண்ணீர் மிஞ்சினால் நகுரா வழுக்கி ஓடும், சேறு எழாது, எழுந்ததும் ஓரத்தால் வடியும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். நகுராவை மூன்று விரலால் பிடித்து, சிறு வட்டங்களாக, கல்லின் ஒரு மூலையில் தொடங்கி எல்லா இடமும் ஒரே அளவாகப் படும்படி முப்பது நாற்பது விநாடி தேய்க்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். சில மாதத்தில் அங்கே குழி விழுந்திருக்கும். அழுத்தம் நகுராவின் எடையும் விரல்களின் எடையும்தான்.

நகுரா கல்லோடு அப்பிப் பிடித்துக்கொண்டால் மேலே இழுக்காதீர்கள். இரண்டு மட்டமான முகங்களுக்கு நடுவே காற்றில்லாமல் போனதால்தான் பிடிக்கிறது. இரண்டு துளி தண்ணீர் விட்டுப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். அடிக்கடி இப்படி நடந்தால் ஓரச் சரிவை இன்னும் ஒரு மி.மீ. அகலமாக்கித் தொடும் பரப்பைக் குறையுங்கள்.

பதத்தைத் தேங்காய்ப்பாலை வைத்துச் சொல்லலாம். சேற்றின் நடுவே விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு ஒரு கணம் நின்று பிறகு மெதுவாக மூடினால் முதற்பால் பதம். தொடங்குவதற்கு இது சரி. உடனே மூடினால் இரண்டாம் பால், இடை வேலைக்கு. கோடே நிற்காமல் கல்லின் நிறம் தெரிந்தால் மூன்றாம் பால், அது கடைசிப் படிக்கு. கோடு அப்படியே நின்றுவிட்டால் அது களி. இரண்டு துளி விட்டு இளக்குங்கள்.

8. தீட்டுதல்

கத்தி 1000 கல்லில் பிசிறு எழுப்பி, பிசிறு நீக்கி, கழுவித் துடைத்திருக்க வேண்டும். 3000 கல் இருந்தால் அதையும் தாண்டி வரட்டும். 1000இன் கீறலை நைசான நகுராவால் அழிக்க அரை மணித்தியாலம் போராட வேண்டியிருக்கும்.

சாய்வு. இருபக்கச் சரிவுள்ள சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 பாகை. அதை அளக்க ஒரு சுலப வழி, முதுகைக் கத்தியின் அகலத்தில் கால் பங்கு உயர்த்துவது. 45 மி.மீ. அகலக் கத்திக்கு 11 முதல் 12 மி.மீ. கொல்லன் கத்தி தடித்தது, எலும்பும் வெட்டும், அதற்கு 20 பாகை, அதாவது மூன்றில் ஒரு பங்கு. உளிக்கும் சீவுளிக்கும் இந்தக் கணக்கு வேண்டாம். சரிவு முழுவதும் கல்லில் படியட்டும்.

அழுத்தம். சமையலறைத் தராசின் மேல் கல்லை வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கத்தியால் அழுத்திப் பாருங்கள். முதற்பால் பதத்தில் 1 கிலோ, இரண்டாம் பாலில் அரைக் கிலோ, கடைசியில் 200 கிராமுக்குக் கீழே. நான்கைந்து தடவை பார்த்தால் கைக்குப் பிடிபட்டுவிடும்.

திசை. இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. தடித்த சேற்றுக்குள் வாயை முன்னால் தள்ளினால் மணல் மணிகள் நேரே வாயின் நுனியில் மோதி அதை உருட்டிவிடும். பார்க்கப் பளபளக்கும், வெட்டாது. ஆகவே சேறு தடிப்பாக இருக்கும்வரை முதுகு முன்னே, வாய் பின்னே வரும்படி இழுக்கும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்பிப் போகும்போது கத்தி சேற்றின் மேல் மிதந்து போகட்டும்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும்:

- முதற்பால் பதத்தில் பக்கத்துக்கு முப்பது இழுப்பு. சேறு சாம்பலாகி, பிறகு கறுக்கும். அது கத்தியின் உருக்கு, கல் வேலை செய்கிறது என்று அர்த்தம். கழுவிவிடாதீர்கள்.
- நான்கு துளி விடுங்கள். பக்கத்துக்கு இருபது.
- இன்னும் ஆறு துளி. பக்கத்துக்கு பதினைந்து. கீறல்கள் மறைந்து சீரான மங்கல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முன்னே போகாதீர்கள், சேற்றைத் திரும்ப எழுப்பி முதலிலிருந்து வாருங்கள்.
- கல்லையும் கத்தியையும் கழுவுங்கள். வெறும் தண்ணீரில், தொடுவதும் தெரியாத அழுத்தத்தில், பக்கம் மாற்றி மாற்றி எட்டுப் பத்துத் தடவை. இப்போது வாயை முன்னே தள்ளலாம்.

அந்தக் கடைசிப் படியை மறந்தவரின் கத்திதான் ‘நகுரா போட்டதும் மழுங்கியது’ என்ற பெயரைக் கேட்கிறது. சேறு மெருகிடும், ஆனால் நுனியை முடிப்பது தெளிந்த தண்ணீர்தான்.

உளியின் தட்டையான பின்பக்கத்தையும், ஒருபக்கச் சரிவுக் கத்தியின் குழிந்த பின்பக்கத்தையும் தடித்த சேற்றில் வைக்கவே வேண்டாம். ஓரம் உருண்டால் திருத்த நெடு நாளாகும். பிசிறு எடுக்கத் தெளிந்த தண்ணீரில் நான்கைந்து இழுப்பு, அவ்வளவுதான்.

மடக்கும் சவரக்கத்திக்கு முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிந்திருக்க வேண்டும். போத்தானில் தொடங்கி தென்ஜோ, மெஜிரோ, கொமா, தோமோ என்று போகும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே கல், கத்தி, கை மூன்றையும் கழுவுங்கள். முந்திய நகுராவின் ஒரு மணி மிஞ்சினாலும் அடுத்த படி வீண். ஒவ்வொரு நகுராவிலும் இரண்டு மூன்று துளியாக நான்கு ஐந்து தடவை இளக்குங்கள். முதல் தடவைக்கு ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். சமையல் கத்திக்கு இருபது நிமிடம் போதும்.

சோதிக்க நகத்தில் வைக்க வேண்டாம். பத்திரிகைத் தாளைத் தொங்கப் பிடித்து மேலிருந்து கீழே இழுங்கள். சத்தமில்லாமல் போக வேண்டும். எங்கே தாள் கிழிகிறதோ வாயின் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே மட்டும் இரண்டாம் பால் பதத்திலிருந்து மறுபடி செய்யுங்கள். அறக்குளாவின் தோலை வழுக்காமல் முதல் இழுப்பிலேயே பிடித்தால் சமையல் கத்திக்கு அதற்கு மேல் தேவையில்லை.

9. பிழைத்தால் எங்கே பார்ப்பது

மங்கலின் நடுவே நீளக் கீறல்: நகுராவின் ஓரம் கூராக இருக்கிறது, அல்லது அரத்தாள் துகள் மிஞ்சியிருக்கிறது, அல்லது முந்திய கல்லின் மணல் கத்திப் பிடியின் இடுக்கில் நிற்கிறது. பிடியைப் பல் பிறஷால் கழுவ யாருக்கும் நினைவு வருவதில்லை.

சேறு எழவே இல்லை: நகுரா கல்லைவிடக் கடினம், அல்லது தண்ணீர் மிகுதி, அல்லது நகுராவின் முகத்தில் வார்னிஷ்.

இரண்டு நிமிடத்தில் சேறு காய்ந்து பொருக்காகிறது: காற்று. கச்சான் நாட்களில் விடியற்காலையில் தீட்டுங்கள். பொருக்கின் மேல் கத்தியை இழுக்காதீர்கள், நான்கு துளி விட்டு விரலால் கரைத்த பின் தொடருங்கள்.

வாயின் நடுப்பகுதி கூர், நுனி மழுக்கம்: கல்லில் குழி இருக்கலாம். 6ஆம் படிக்குத் திரும்புங்கள்.

மறுநாள் காலை துருப் புள்ளி: கடற்காற்றுக்கு ஒரு இரவே போதும். தீட்டி முடிந்ததும் வெந்நீரில் கழுவி, துவாயால் துடைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி துடையுங்கள். உளிக்கும் சீவுளிக்கும் தையல் மெஷின் எண்ணெய், சமையல் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் நாட்பட்டால் கெடும், வாரம் ஒரு முறை துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். எண்ணெய்க் கையோடு கல்லைத் தொடாதீர்கள். எண்ணெய் குடித்த தண்ணீர்க் கல்லில் பிறகு சேறு எழாது.

10. கழுவி வைத்தல்

முடிந்ததும் நகுராவையும் கல்லையும் கழுவி, சீலையால் ஒற்றி, பக்கவாட்டில் நிமிர்த்தி நிழலில் ஒரு நாள் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்திக் டப்பாவில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். தகரக் கூரைக்குக் கீழேயுள்ள பரணில் வைக்காதீர்கள், அங்கே பகல் வெப்பம் கல்லுக்கு அதிகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச்சைப் பார்த்து, உரிந்த இடத்தில் ஒரு பூச்சு அடியுங்கள். மாரி தொடங்குவதற்கு முன், புரட்டாதியில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

நகுரா தேய்ந்து 10 மி.மீ. தடிப்புக்கு வந்துவிட்டால் விரலில் பிடிக்க முடியாது, நகம் கல்லில் உரசும். அப்போது அதே அளவில் வெட்டிய பலாமரத் துண்டை முதுகுப் பக்கத்தில் எபொக்சிப் பசையால் ஒட்டி, ஒரு நாள் இறுக விட்டு, மூட்டின் மேல் வார்னிஷ் அடித்துக்கொள்ளுங்கள். முத்திரை மறைந்துபோகும், அதனால் அடுக்கின் பெயரை மரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு அதன்மேல் பூசுங்கள். கடைசி 2 மி.மீ. வரைக்கும் அது சேறு கொடுக்கும்.